இறங்கிய முள்

வெர்னன் காலையிலேயே கராஜுக்குப் போய்ப் பார்த்தார். மகள் கல்யாணத்துக்கென்று அவர் கையால் காய்ச்சிய பீர், எஃகுப் பீப்பாய்களில் நிறைந்து ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது. சனிக்கிழமை விருந்து. பீரில் நுரை ஏற்றும் காஸ் சிலிண்டரின் அளவுமானி முள்ளோ, முந்தாநாள் வரை நிமிர்ந்து நின்றது, இன்று சிவப்புக் கோட்டை நெருங்கிவிட்டது.

சோப்புத் தண்ணீர் தெளித்து இணைப்பு இணைப்பாகப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. கசியவில்லையென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். கராஜ் கதவின் பூட்டைத் திறக்கும் நம்பர் தெரிந்த வெளியாள் பக்கத்து வீட்டு ஆர்லோ ஒருவர்தான். அவரும் பீர் காய்ச்சுகிறவர். தன் சிலிண்டர் காலியாகப் போகிறதென்று போன வாரம் அவர் வாயாலேயே சொன்னார்.

"ஆர்லோவா? உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் மனைவி ஜனெல். "உங்கப்பா சவப்பெட்டியைத் தோள் குடுத்துத் தூக்கின மனுஷன்."

"சவப்பெட்டி தூக்கினவன் காஸ் எடுக்க மாட்டானா?"

அப்போதே கதவின் நம்பரை மாற்றினார். சாயங்காலம் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தார். ஆர்லோ வந்தார், நம்பரை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். மாட்டினான் பயல் என்று வெர்னனுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

வெளியே போய், "என்ன, காஸ் பத்தலையா?" என்று கேட்டார்.

"உன் பீர்க் குழாயெல்லாம் கழுவித் தரலாம்னு வந்தேன்." ஆர்லோ கையில் நீளமான பிரஷ் இருந்தது. கேள்வி உறைத்ததும் முகம் கறுத்தது. "என்னைத் திருடன்கிறியா?"

"நான் சொல்லல, முள்ளு சொல்லுது."

"சிலிண்டரை எங்க வெச்சிருக்க?"

"ஃபிரிட்ஜுக்குள்ள. விருந்து மேசை போட இடம் வேணும்னு நேத்து நான்தான் தள்ளி வெச்சேன்."

ஆர்லோ பிரஷ்ஷால் கதவைக் காட்டினார். வெர்னன் கதவைத் திறந்ததும் உள்ளே போய், குழாயைக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கி வந்து வெயிலில் வைத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சிலிண்டர் வியர்த்து, காய்ந்தது. முள் மெல்ல மெல்ல ஏறிப் பழைய இடத்தில் வந்து நின்றது.

"குளுந்தா முள்ளு இறங்கும், காஸ் குறையாது. இதுகூடத் தெரியாமயா இத்தனை வருஷம் காய்ச்சுற?"

வெட்கம் வெர்னனைப் பிடுங்கித் தின்றது. "புது நம்பர் வந்து..." என்று இழுத்தார்.

"வேணாம்ப்பா. எனக்கெதுக்கு?"

சனிக்கிழமை பீரில் நுரை திரண்டு நின்றது. ஊரே மெச்சியது. விருந்தாளிகள் வந்துபோக கராஜ் கதவு அகலத் திறந்தே கிடந்தது. ஆர்லோ அதைக் கடந்து வாசலுக்குப் போய் மணியடித்தார். வெர்னன் வந்து திறக்கும்வரை அங்கேயே நின்றார்.