ஜூன் பன்னிரண்டாம் தேதி

நெல்லில் குருத்துப்பூச்சி எந்த வாரம் தலைகாட்டும் என்று விவசாயிகளின் போனுக்கு முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் அது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் அதை வருஷக்கணக்காகக் கட்டிக் காத்தவள் சந்திரலேகா. திட்டத்துக்கான நிதி எப்போதோ நின்றுவிட்டது. எழுதியவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். இப்போது இவளுடைய கணவருக்கும் ஹைதராபாத்துக்கு மாற்றல்.

இயக்குநர் மனோகரன் நல்லவர்தான், ஆனால் கறார். சந்திரலேகா வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் நஃபீசா தனியாக அதை ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் மூடிவிடலாம் என்றார்.

நஃபீசா கையேட்டை வரி வரியாகப் படித்து ஓட்டினாள். நட்ட பயிருக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது, பூச்சி வரப்போகிறது என்று கணினி சமர்த்தாகச் சொன்னது. ஜன்னலுக்கு வெளியே வயல் வெடித்துக் கிடந்தது. அந்த வருஷம் மேட்டூர் அணை இன்னும் திறக்கவே இல்லை.

சந்திரலேகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் நாள் ஜூன் பன்னிரண்டு என்று நிரலுக்குள் நிரந்தரமாக எழுதியிருந்தது. டெல்டாக்காரர்கள் எழுதியது, வேறு எப்படி எழுதுவார்கள்? பிறந்த தேதியைக் கேட்டால்கூட யோசிப்பார்கள், இதற்கு யோசிக்க மாட்டார்கள். அணை திறப்பது பிந்தும்போதெல்லாம் இவளே உள்ளே போய் மாற்றிவிடுவாள். அதைக் கையேட்டில் எழுத வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்று வாயைத் திறந்தே விட்டாள்.

"எந்தத் தேதிக்கு மாத்துறது, அக்கா?" என்றாள் நஃபீசா. "உங்க ஊரு பூதலூருக்குத் தண்ணி முதல்ல வந்துடும். எங்க வீடு வேளாங்கண்ணிப் பக்கம், கடைமடை, தண்ணி கடைசியாத்தான் வந்து சேரும். அணை திறந்த தேதியை நம்பி நாங்க நாத்தே விடமாட்டோம். வாய்க்கால்ல தண்ணி வந்ததும் அவங்கவங்களே போன்ல சொல்லட்டும்."

இத்தனை வருஷமும் கடைமடைக்குப் போன எச்சரிக்கையெல்லாம் முந்திக்கொண்டுதான் போயிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. மனோகரன் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார். இருவருமாகத் தேதியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீர் வந்ததா என்று விவசாயியையே கேட்கும்படி மாற்றினார்கள். கையேட்டையும் புதிதாக எழுதினார்கள். மனோகரனும் மூடும் பேச்சை விட்டார்.

அடுத்த வருஷக் குறுவைப் பருவத்தில் ஹைதராபாத்தில் உட்கார்ந்து சந்திரலேகா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சந்தேகம் கேட்டுக்கூட யாரும் கூப்பிடவில்லை. நின்றுபோயிருக்கும் என்று முடிவுகட்டி, பொறுக்கமாட்டாமல் நஃபீசாவைக் கூப்பிட்டாள்.

"அதெல்லாம் ஓடுதுக்கா. எனக்குப் பிள்ளை பொறந்திருக்கு, லீவுல இருக்கேன். சுடர்விழிதான் பார்த்துக்குறா."

"சுடர்விழி யாரு?"

"புதுசா வந்த பொண்ணு. கையேட்டைப் படிச்சுட்டு அவளே ஓட்டிட்டா. என்கிட்டகூட எதுவும் கேக்கல."

சந்திரலேகா என்று ஒருத்தி இருந்ததே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது. சுருக்கென்றது. அடுத்த நொடியே, வருஷக்கணக்காகக் காணாத நிம்மதி வந்தது. குழந்தைக்கு என்ன பேர் வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.