காஜா இல்லாத சட்டை

மேல் பொத்தானைப் பிடித்துக் காஜாவுக்குள் நுழைக்கப் பார்த்தாள் மகள். காஜாவே இல்லை. துளை இருக்கவேண்டிய இடத்தின் மேலேயே பொத்தானை வைத்துத் தைத்திருந்தார்கள். அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. அப்பாவின் கடைசி உடுப்பாக அவளே தேடி எடுத்த வெள்ளைச் சட்டை அது.

"என்ன சட்டை இது?"

தலைமாட்டில் நின்ற தம்பி மனைவி, "உள்ள வெல்க்ரோ பட்டை இருக்கு அண்ணி. சும்மா அமுக்குங்க, ஒட்டிக்கும்" என்றாள்.

நாற்பது வருடம் தையற்கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் அப்பா. காஜாவில் ஒரு நூல் பிசகினாலும் சட்டையைத் திருப்பி எறிவார். அவர் உடம்பில் பொய்ப் பொத்தான். அவரைக் கேட்காமலே இவள் செய்திருப்பாள் என்று மகள் நினைத்தாள். நேற்று மாலையிலிருந்து இந்த வீட்டில் எதைப் பார்த்தாலும் அவளுக்கு அப்படித்தான் பட்டது.

நேற்று மூன்றரை மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவரத் தம்பி மனைவி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது அப்பா கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே கிடந்திருக்கிறார். மாரடைப்பு என்றார் டாக்டர். பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. இவளுக்கு ஏன் நாற்பது நிமிடம் ஆயிற்று?

"நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையைப் போட்டுக்கிட்டாரா?"

"தெரியலை அண்ணி."

"பாட்டில் எங்க?"

"அங்கதான் எங்கயாச்சும் இருக்கும்."

அலமாரியில் அப்பாவின் கண்ணாடி இருந்தது. பக்கத்தில், தூசு படியாத ஒரு சின்ன வட்டம். பாட்டில் இல்லை. அதை வாங்கி வந்தவளே மகள்தான். இருபத்தாறு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறாள். எந்த மாத்திரை எந்தப் பாட்டிலில் எப்படிக் குலுங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

சட்டையை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வந்தவர்களுக்குக் காபி போடவேண்டும். சர்க்கரை ஜாடியை மூடியோடு பிடித்துத் தூக்கினாள். மூடி மட்டும் கையோடு வந்தது. ஜாடி தரையில் விழுந்து நொறுங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். எண்ணெய், உப்பு, காபித்தூள், பற்பசை, ஒரு மூடியும் சரியாக மூடியிருக்கவில்லை. "ஒரு மூடியை மூடத் தெரியாதா இந்த வீட்டுல? எறும்புக்கு என்ன விருந்தா?" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் இறுக்கினாள்.  அப்பா வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கைகளையும் அமிழ்த்தியபடி கட்டிலிலிருந்து சிரித்தார். "விடும்மா, எறும்பும் பிழைச்சுப் போகட்டும்." கட்டை விரல்களின் அடி எலும்பு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. "நாப்பது வருஷம் நான் கத்திரியைப் பிடிச்சேன். இப்ப அது என்னைப் பிடிச்சிருக்கு."

உடைசலைக் கூட்டத் துடைப்பத்தோடு குனிந்த தம்பி மனைவியின் இடுப்பில் ஏதோ கலகலத்தது. சின்னக் கண்ணாடிப் பாட்டில் என்று சத்தத்திலேயே மகளுக்குத் தெரிந்தது. நிறைய மாத்திரைகள்.

"இடுப்புல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"எடு."

"வேணாம் அண்ணி."

"எங்கப்பாவை என்ன பண்ணின நீ?"

தம்பி மனைவி துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.  சேலை முடிச்சை அவிழ்த்துப் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

பழுப்புநிறப் பாட்டில். மூடி இறுக மூடியிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றிப் பல் தடங்கள். இரண்டு தடங்கள் ஆழமாகப் பதிந்து பிளாஸ்டிக் வெளுத்திருந்தது.

"யாரு இதை இவ்வளவு இறுக்கமா..." மகள் அந்தத் தடங்களை விரலால் தடவினாள்.

"காத்துப் பட்டா வீரியம் போயிடும்ப்பா." கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வதைத்தான் ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடமும் சொன்னாள். சொல்லிக்கொண்டே இந்த மூடியையும் உள்ளங்கையை வைத்து அழுத்தி, திருகினாள்.

"மாமாவுக்கு விரல்ல பிடியே இல்லை அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "அதான் எதையும் அரைத் திருகோட விடுவேன். சட்டையும் அவர் சொல்லித்தான் தைச்சேன். வெளிய பொத்தான் இருக்கட்டும், என் பொண்ணு வந்தா பார்த்துட்டுக் கவலைப்படுவான்னாரு. நீங்க போனதும் சமையல்கட்டுல எல்லாத்தையும் தளர்த்திட்டேன். இதைத்தான் நான் பார்க்கலை. என் புத்தியில வரலை."

வாசற்படியில் தம்பி வந்து நின்றான். "என்ன உடைஞ்சுது? அந்தப் பாட்டில் கிடைச்சுதாக்கா? மாத்திரை போட்டிருந்தாரா?"

மகள் பாட்டிலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"போட்டிருக்காருங்க," என்றாள் அவன் மனைவி, மறுபடி குனிந்து கூட்டிக்கொண்டே. "பாட்டில் திறந்துதான் கிடந்துச்சு."

"அப்புறம் யாரு என்ன பண்ண முடியும்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

துடைப்பச் சத்தம் மட்டும் கேட்டது.  மகள் அறைக்குப் போனாள்.

சட்டையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே வந்தாள். பார்ப்பவர்களுக்குப் பொத்தான் போட்ட சட்டைதான்.

பாட்டிலைத் திருகினாள். ஒரே திருகில் திறந்துகொண்டது. அலமாரியில் அந்தத் தூசு படியாத வட்டத்தில் அதை வைத்து, மூடியைத் திருகாமல் மேலே சும்மா வைத்தாள்.