பதினேழு டிகிரியும் ஒரு துணிநாயும்

ஹாலிஃபாக்ஸில், மலைச்சரிவை ஒட்டிய வரிசை வீடுகளில் பதினோராம் எண் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. வீட்டுச் சூட்டை ஏற்றி இறக்க, நடைவழிச் சுவரில் ஒரு வட்டக் குமிழ். அது பதினேழைத் தாண்டக் கூடாது. சட்டம் போட்டவர் நாரிஸ் த்வெய்ட். முப்பத்தெட்டு வருடம் பஸ் நிலையத்தில் நேரம் குறிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் தாமதமாக வந்தால் எல்லோருக்கும் கோபம் வரும். இவருக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்தாலும் வரும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று யாராவது சொன்னால், ஆற்றில் எதற்குப் போட வேண்டும் என்று கேட்கிற ஜாதி.

அந்தச் சட்டத்தின் கீழ் நாற்பது வருடம் குடித்தனம் செய்தவள் அவர் மனைவி க்வெண்டா. ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசியில் அவள் வழக்கைத் தொடங்குவாள். போன செப்டம்பரிலும் தொடங்கினாள்.

"நாரிஸ், எனக்குக் கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு."

"இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்க புள்ள."

"மூணு போட்டிருக்கேன். நாலாவதைப் போட்டா கை மடங்காது. அப்புறம் உனக்கு டீ யார் போடுவா?"

இது நாரிஸை யோசிக்க வைத்தது. அந்த இடைவெளியில் க்வெண்டா புகுந்தாள்.

"இந்தக் கம்பெனிக்காரன் கேஸுக்கும் கரண்டுக்கும் நம்ம தோலை உரிக்கிறான். தெருவுல எல்லாரும் வேற கம்பெனிக்கு மாறிட்டாங்க. நாமளும் மாறலாம். மிச்சமாகுறதை வெச்சு இந்தக் குமிழை இருபதுக்குத் திருப்பலாம். மூணே மூணு டிகிரி. நான் என்ன ஸ்பெயின் வெயிலா கேட்டேன்?"

"யோசிக்கிறேன்," என்றார் நாரிஸ்.

நாரிஸ் வாயிலிருந்து 'யோசிக்கிறேன்' வந்தால் அது கல்லில் எழுதி ஆற்றில் போட்ட மாதிரி. குளியலறைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று பதினோரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கஞ்சத்தனம் மட்டுமே காரணம் என்று சொன்னால் பாவம், அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். மாறினால் மிச்சம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் முப்பத்தோரு வருட உறவு. ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிப் போவது? பழைய கம்பெனிக்கு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று புதிய கம்பெனிகள் விளம்பரம் செய்வதே அவருக்கு அசிங்கமாகப் பட்டது. கல்யாணமான பெண்ணைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போகிற பேச்சாக இருக்கிறதே என்பார்.

"நேர்ல சொல்லிட்டுப் போறதுதான் மரியாதை," என்றார்.

"பால்காரர்கிட்ட சொன்ன மாதிரியா?" என்றாள் க்வெண்டா.

ஒருமுறை பால்காரரை மாற்ற வேண்டி வந்தபோது, நாரிஸ் டை கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னார். பால்காரர் கண் கலங்கினார். நாரிஸும் கலங்கினார். திரும்பி வரும்போது வாரத்துக்கு இரண்டு புட்டி கிரீம் கூடுதலாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு நாலு வருடம் அந்த வீட்டு வாசலில் இரண்டு பால்காரர்கள் பால் வைத்தார்கள். பூனைகூடக் குடிக்க மறுத்துவிட்டது.

கம்பெனியை மாற்றுவதற்குப் பதிலாக நாரிஸ் ஒரு காரியம் செய்தார். க்வெண்டாவின் பழைய நீளக் காலுறை ஒன்றில் கிழிந்த சட்டைகளைத் திணித்து, பொத்தானில் இரண்டு கண் தைத்து, குளிர்காற்று நுழையாமல் வாசல் கதவின் அடியில் போட்டார். குட்டைக் கால் நாய் மாதிரி இருந்தது, கால்தான் இல்லை. விக்டர் என்று பெயர் வைத்தார்.

அதிசயம் என்னவென்றால், விக்டர் வேலை செய்தது. அக்டோபர் பாதியிலேயே வீடு கதகதப்பாகிவிட்டது. குமிழ் பதினேழிலேயே இருக்கிறது; நாரிஸோ சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு நடமாடினார். பில்லெல்லாம் க்வெண்டாவின் கணினிக்கு வந்து அவள் பணத்திலிருந்தே போய்விடும். நாரிஸுக்கு மீட்டர்தான் முக்கியம். மீட்டர் இருப்பது நிலவறையில். அவருக்கு முழங்கால் சரியில்லை என்பதால், மாதத்தின் முதல் ஞாயிறு க்வெண்டா கீழே இறங்கி எண்களைக் கூவுவாள், இவர் படிக்கட்டின் மேல் நின்று நோட்டில் எழுதுவார். பிறகு ஒரு தபால் அட்டையில் கம்பெனிக்கு அனுப்புவார். அந்த நவம்பரில் கழித்துப் பார்த்தால், போன வருடம் எரிந்ததில் பாதிதான் எரிந்திருந்தது. டிசம்பரில் அதைவிடக் குறைவு.

நாரிஸுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு சிரில் பிக்கிள்ஸைக் கூட்டிவந்து காட்டினார்.

"பதினேழுதான் வெச்சிருக்கேன் சிரில். கையை வெச்சுப் பாரு. எல்லாம் இவன் பண்ற வேலை."

சிரில் விக்டரைக் குனிந்து மரியாதையோடு பார்த்தார். மறுநாளே தன் மனைவி மேவிஸின் காலுறையில் தன் வீட்டுக்கும் ஒரு துணிநாய் செய்து, குமிழைப் பதினேழுக்கு இறக்கினார்.

ஆனால் நாரிஸின் மனதை ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. க்வெண்டா பேச்சை நிறுத்திவிட்டாள். குளிர் என்று ஒரு வார்த்தை இல்லை, கம்பெனி என்று ஒரு வார்த்தை இல்லை. போதாக்குறைக்கு, அவர் வீட்டில் இருக்கும்போதெல்லாம் அவள் செத்துப்போன அத்தையின் கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு மாட்டிக்கொண்டே இருந்தாள். முகம் சிவந்திருந்தது. மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. ஜனவரி மாதம் ஒரு காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சுட்டது.

நாரிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். வீடே கதகதப்பாக இருக்கும்போது இவளுக்கு மட்டும் குளிர்கிறது என்றால், அது இத்தனை வருடக் குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டதால்தான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கேட்பதையே விட்டுவிட்டாள். மூன்று டிகிரி. பெண்டாட்டி கேட்ட மூன்று டிகிரியை மிச்சம் பிடித்து நான் எங்கே கொண்டுபோகப் போகிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அன்றைக்கே மாறிவிடுவது என்று முடிவு செய்தார். அவளிடம் சொல்லவில்லை, மாறிவிட்டு, குமிழைத் திருப்பிவிட்டு, பிறகு சொல்லலாம் என்று நினைத்தார்.

முதலில் விடைபெற வேண்டுமே. டை கட்டிக்கொண்டு தொலைபேசி முன் உட்கார்ந்தார். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. "ரொம்ப நன்றி," என்றார் நாரிஸ். நாற்பது நிமிடத்தில் அது பதினெட்டு முறை சொன்னது. பதினெட்டு முறையும் இவர் நன்றி சொன்னார்.

கடைசியில் கெர்ரி என்று ஒரு பெண் வந்தாள். நாரிஸ் விலாசத்தைச் சொன்னார்.

"சார், இந்தக் கணக்கு உங்க பேர்ல இல்லையே. மிஸஸ் க்வெண்டா த்வெய்ட் பேர்ல இருக்கு."

"இருக்கும்மா. இது அவ அத்தை வீடு. நான் அவ புருஷன்தான்."

"அவங்க சம்மதம் இல்லாம நான் உங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாது சார்."

"முப்பத்தோரு வருஷமா மாசாமாசம் மீட்டர் எண்ணை எழுதி அனுப்புறவன் நான்தாம்மா. தபால் அட்டையில."

மறுமுனையில் கெர்ரியின் குரல் உயர்ந்தது.

"சார்! 'இங்க பனி ஜாஸ்தி, அங்க எல்லாரும் சௌக்கியமா'ன்னு கடைசியில ஒரு வரி எழுதுறது நீங்களா? எங்க டீ ரூம் சுவத்துல எல்லாத்தையும் ஒட்டி வெச்சிருக்கோம். ஆனாலும் சார், அம்மாவைக் கூப்பிடுங்க."

வேறு வழியில்லை. நாரிஸ் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கோட்டோடு வந்த க்வெண்டா, யார் என்று தெரிந்ததும் திருட்டுப் பூனை மாதிரி நின்றாள். நாரிஸ் ஒலிபெருக்கியைப் போட்டார். அவள் பிறந்த தேதியைச் சொல்லி, "பேசுங்க," என்று முணுமுணுத்தாள்.

"நன்றிம்மா. சார், இந்தக் கணக்கை அக்டோபர் ஒன்பதாம் தேதியே மூடியாச்சு. நீங்க வேற கம்பெனிக்குப் போய் மூணு மாசமாச்சு."

நாரிஸ் எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்தார்.

"போறப்ப இவ உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?" என்றார் நாரிஸ், மெதுவாக.

"யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க சார்."

"உங்களுக்கெல்லாம் வருத்தமா இருந்துச்சா?"

"உங்க அட்டைதான் வந்துட்டே இருந்துச்சே சார். நீங்க போனதையே நாங்க யாரும் கவனிக்கல."

ஆனாலும் நாரிஸ் எழுதியதை வீணாக்குகிற ஆள் இல்லை. எழுந்து நின்று, தாளைப் பிரித்து, இரண்டு பக்கத்தையும் படித்தார். கெர்ரி மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சார், உங்களை மாதிரி ஆளை விடவே மனசு வரல. வீட்டைச் சூடாக்குற பாய்லருக்கு மட்டுமாவது எங்ககிட்ட ஒரு காப்புத் திட்டம் எடுத்துக்கிறீங்களா?" என்றாள்.

"அதுக்கென்னம்மா, தாராளமா..." என்று நாரிஸ் ஆரம்பிக்கும்போதே க்வெண்டா பாய்ந்து போனை வைத்துவிட்டாள்.

"பாத்தியா? இதுக்குத்தான் சொல்லல. சொல்லியிருந்தா இந்நேரம் ரெண்டு கம்பெனிக்குப் படியளந்துட்டு இருப்போம்."

நாரிஸ் கோபப்படப் பார்த்தார், வரவில்லை. அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்தால் எப்படி வரும்?

"போனது போகட்டும் புள்ள. மாறியாச்சு இல்ல, அப்ப உன் மூணு டிகிரி உனக்கு. நானே என் கையால திருப்புறேன்."

"வேணாம் நாரிஸ்!"

"நீ சும்மா இரு. நாப்பது வருஷமா குளிர்ல கிடந்தவ." நடைவழிக்குப் போய், நாடாவை வெட்டுகிற மேயர் மாதிரி நிமிர்ந்து நின்று, குமிழைப் பதினேழிலிருந்து இருபதுக்குத் திருப்பினார். சமையலறையில் பாய்லர் உறுமிக்கொண்டு எழுந்தது.

கால் மணி நேரம் போனது. நாரிஸ் டையைத் தளர்த்தினார். பிறகு கழற்றினார். பிறகு சட்டையில் மூன்று பொத்தான்கள். எதிரே கோட்டுக்குள் க்வெண்டா வெந்துகொண்டிருந்தாள். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு டீக்குள் விழுந்தது.

"போதும்டா சாமி!" என்று எழுந்து கோட்டைக் கழற்றி எறிந்தாள். உள்ளே கையில்லாத கோடைக்காலப் பூப்போட்ட கவுன். "அது இருபது இல்ல நாரிஸ், இருபத்துமூணு! அக்டோபர்லயே அந்தக் குமிழை வெண்ணெய்க் கத்தியால நெம்பி எடுத்து, மூணு தள்ளி மாட்டிட்டேன். நீ பதினேழுன்னு பாத்துட்டு இருந்தது இருபது."

நாரிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். மெல்ல வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப விக்டர்?"

"விக்டர் வெறும் காலுறை நாரிஸ்."

"நிலவறையிலேருந்து நீ கூவின எண்ணு?"

"மனசுல வந்ததைக் கூவினேன்."

கம்பெனி போனதைவிட இதுதான் வலித்தது. மூன்று மாதமாக அந்தத் துணிநாயின் தலையைத் தினமும் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். ஆனால் அதற்கு மேல் வேறொன்று அவருக்கு உறைத்தது.

"அப்ப உனக்குக் காய்ச்சல் இல்லையா?"

"கோட்டுக்குள்ள வெந்தேன், அவ்வளவுதான்."

"வீடுதான் இருபதுல இருக்கே, அப்புறம் எதுக்கு அந்தக் கோட்டை மாட்டிட்டு அலைஞ்சே?"

"நீ அந்த நாயைப் பத்தி சிரில்கிட்ட அவ்வளவு சந்தோஷமாப் பேசினே. அதை எப்படிக் கெடுக்கிறது?" என்றாள் க்வெண்டா. "அதுக்குக் கோட்டே தேவலைன்னு தோணுச்சு."

நாரிஸ் எழுந்து போய்க் குமிழை மறுபடி பதினேழுக்குத் திருப்பினார். பிறகு அவள் கோட்டை எடுத்து ஒழுங்காக மடித்து, மாடி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து பல வருடங்களாகியிருந்தன.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு சிரில். காதை மூடிய குல்லாய், நீலம் பாரித்த மூக்கு, கக்கத்தில் அவருடைய துணிநாய்.

"நாரிஸ், இந்த நாய் வேலை செய்ய மாட்டேங்குது. ரெண்டு மாசமா நீ சொன்ன மாதிரி பதினேழுலதான் வெச்சிருக்கேன். மேவிஸ் தொப்பியோட தூங்குறா. உன் நாய்க்குள்ள நீ என்னத்தைத் திணிச்சே, உண்மையைச் சொல்லு."

நாரிஸ் க்வெண்டாவைப் பார்த்தார். க்வெண்டா கூரையைப் பார்த்தாள். சிரிலின் நாயை வாங்கி அமுக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, பெரிய வைத்தியர் மாதிரி தலையசைத்தார் நாரிஸ்.

"சிரில், உங்க வீட்டு கேஸ், கரண்டுக் கணக்கு யார் பேர்ல இருக்கு?"

"மேவிஸ் பேர்ல. ஏன் கேக்குற?"

"அப்ப நீ கவலையே படாத. அடுத்த மாசத்துக்குள்ள உன் நாய் வேலை செய்ய ஆரம்பிச்சிடும்."

சிரிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாலும் முகம் தெளிந்தது. புறப்பட்டவரை க்வெண்டா கூப்பிட்டு, ஒரு வெண்ணெய்க் கத்தியைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

"போறப்ப இதை மேவிஸ்கிட்ட குடுத்துடு சிரில். சாயங்காலம் டீக்கு வரச் சொல்லு, எப்படின்னு நான் சொல்றேன்."

"ரொம்ப நன்றி," என்றார் சிரில். வாசல் கேட்டருகே திரும்பி இன்னொரு முறையும் சொல்லிவிட்டு, ஒரு கையில் நாயும் ஒரு கையில் கத்தியுமாகத் தெருவைக் கடந்து போனார்.