மீதியை நானே சொல்கிறேன்

எனக்குப் பேச்சு திக்கும். ஒரு சொல் தொண்டையில் நின்றுவிட்டால் அதுவாக வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை உண்டு. என் நண்பன் தேசப்பனுக்குத்தான் கிடையாது. ஐந்தாம் வகுப்பிலிருந்து என் வாக்கியங்களை அவன்தான் முடித்துவைக்கிறான். டீச்சரிடம், டாக்டரிடம், நெம்மேலியில் வேலைக்கு இன்டர்வியூ போனபோது வாசல் செக்யூரிட்டியிடம்கூட. என்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதுதான் அவன் கவலை.

அன்பரசியைப் பார்க்கப் புதுப்பட்டினம் ஜூஸ் கடைக்குப் போன அன்றும், கூப்பிடாமலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பெரியவர்கள் எங்கள் கல்யாணத்தைப் பேசி முடிப்பதற்குள் என்னிடம் ஒருமுறை நேரில் பேச வேண்டும் என்று கேட்டு, அவள் கருங்குழியிலிருந்து வந்திருந்தாள்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்றாள்.

"எ... எனக்கு..."

"சமையல்!" என்றான் தேசப்பன். "ஜெரோமு சங்கரா மீன் கொழம்பு வச்சான்னா தெருவே மணக்கும். விடிகாலைல எழுந்து ஓடுவான். கோவமே வராது."

"தினமும் ஓடுவீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓடுவான்."

அவள் சாத்துக்குடி ஜூஸைத் தள்ளி வைத்தாள். "அண்ணா, கல்யாணம் எனக்கும் உங்களுக்குமா?"

"ஐயோ, எனக்கு ரெண்டு புள்ளைங்க கீதும்மா!"

"அப்போ அவர் பேசட்டும்."

தேசப்பன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கடைக்காரரின் மிக்சி ஓடி அடங்கியது. கல்பாக்கம் பஸ் ஒன்று வந்து ஆளிறக்கிவிட்டுப் போனது. அன்பரசி அவசரப்படவில்லை. தேசப்பனின் கால்தான் மேசைக்கடியில் தடதடவென்று ஆடியது.

"எ... எனக்கு ச... சமைக்கத் தெரியாது."

துண்டுக்குள்ளிருந்து ஒரு முனகல்: "கெட்டுது காரியம்!"

அன்பரசி வாய்விட்டுச் சிரித்தாள். "ஓடுறது?"

"ப... பஸ்ஸுக்கு மட்டும்."

"கோவம்?"

"வ... வரும். இ... இவன்மேல."

"எம்மேலயா? இன்னா மச்சான் இது!" துண்டு கீழே விழுந்தது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்ல நான் சரின்னு சொல்லிடவா?" என்றாள்.

தேசப்பன் வாயைத் திறந்தான். அப்படியே மூடிக்கொண்டு எழுந்தான். "நான் வெளிய நின்னுகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

"சொ..." என்று ஆரம்பித்தேன். அன்பரசி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தாள்.