சுண்டுவிரலில் நின்ற சர்வர்

1

ஒரு முழு மருத்துவமனையை ஆறரை மணி நேரம் என் சுண்டுவிரலால் தாங்கிப் பிடித்திருக்கிறேன். நேற்று நடைப்பயிற்சியில் இதைச் சொன்னதும் என் பழைய மேலாளர், "எல்லாத்துலயும் ரிடையர் ஆயிட்ட, புளுகுறதுல மட்டும் இன்னும் சர்வீஸ்ல இருக்கியேய்யா" என்றார். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் இந்தக் கதை.

2

அன்று வானம் கறுத்து, இடி முழங்க—

(ஜன்னலே இல்லாத கணினிப் பிரிவு அறையில் வானத்துக்கு என்ன வேலை? அடித்துவிட்டேன்.)

அதுவரை மருத்துவமனையின் மையக் கணினியான சர்வருக்குள் வேறு கணினியிலிருந்து நுழைய பாஸ்வேர்டு போதும். இனி சாவிக் கோப்பு வேண்டும். அவரவர் கணினியில் ஒன்று, அதன் ஜோடி சர்வரில். முதலில் சாவிகளைப் பதிந்துவிட்டு, பிறகு பாஸ்வேர்டை அணைக்க வேண்டும். நான் முதலில் அணைத்தேன். இனி யாருமே புதிதாக உள்ளே நுழைய முடியாது, நான் உட்பட. காலை பத்து மணி. மாலை ஐந்துக்கு இதே மேலாளர் தன் கணினியிலிருந்து சர்வருக்குள் நுழைந்து பார்ப்பார். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன் நான். இன்னொரு தவறென்றால் வேலை போய்விடும்.

3

முன்பே உள்ளே நுழைந்திருந்த என் திரை ஒன்று மட்டும் உயிரோடிருந்தது. பத்து நிமிடம் எதையும் தட்டாவிட்டால் அதுவும் அறுந்துவிடும். சுண்டுவிரலால் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

[கழிப்பறைக்கு எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும்.]

நாலரைக்கு மனைவி போன் செய்தாள். அழாத குறையாகச் சொன்னேன்.

"நீங்க இப்ப உள்ளதானே இருக்கீங்க? உள்ள இருந்தே திறந்துவிட வேண்டியதுதானே?"

என் இருபது வருட அனுபவம் கைகட்டி நின்றது. அந்தத் திரையிலேயே சாவிகளைப் பதிந்தேன், இரண்டு நிமிட வேலை. ஐந்து மணிக்கு மேலாளர் சர்வருக்குள் நுழைந்து பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார்.

4

முடிவு அ: வழியைக் கண்டுபிடித்தவன் நானே. (மனைவி இதன் மேல் கோடு போட்டுவிட்டாள்.)

முடிவு ஆ: சர்வரே மனமிரங்கித் தானாகத் திறந்த—

வேண்டாம். பிடித்ததை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் மேலாளர் இப்போது எதிரில் உட்கார்ந்து இந்தத் தாள்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். அன்று தான் ஐந்து மணிக்குச் சுலபமாக நுழைந்ததாகவும், பூட்டு விழவே இல்லை என்றும் அடம்பிடித்தார். பிறகு மூன்றாம் பகுதியை மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கே ஒரு தடவை முயற்சி பண்ணேன்யா. உள்ள விடல. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்னு நினைச்சேன். மேலாளருக்கே உள்ள போகத் தெரியலன்னு சிரிப்பாங்களேன்னு யார்கிட்டயும் சொல்லல."