நின்று நின்று பாடிய வான்

பிள்ளைகளே, கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். வாசலில் நிற்கிற பிள்ளையும் உள்ளே வரட்டும், பாய் பெரிசுதான். இன்றைக்கு ஒரு வானின் கதை சொல்லப்போகிறேன். ஆகாயம் இல்லை, ஆக்களை ஏற்றி ஓடுகிற வான். இதில் ராசாவும் இல்லை, பேயும் இல்லை. ஊரெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடின வான் ஒன்று நடுவழியில் வாயடைத்துப்போன கதை. சிரிக்கிற இடமும் உண்டு. ஆனால் கடைசியில் கசக்கும். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னோடு கோபிக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கனிசியஸ் என்று ஒருவன் இருந்தான். கடல் தொழில்தான். சொந்தப் படகு, சொந்த எஞ்சின், சொந்த வலை. அவன் பெண்சாதி ஜெசிதா. ஜெசிதாவுக்கு ஒரே தமையன், பெயர் ஜெரிசன். பிரான்ஸில் உணவுக்கடைக் குசினிகளில் கோப்பை கழுவத் தொடங்கி, சமையல் வரைக்கும் வந்தவன். அவன் ஒரு வான் வாங்கி ஊரில் விட்டான். வாங்கின கையோடு கனிசியஸுக்குத்தான் போன் எடுத்தான்.

"மச்சான், கடலை விடும். தங்கச்சி கரையிலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறது எனக்கு மனசுக்குச் சரியில்லை. வானை ஓடும். வாற ஹயரிலை நீங்களும் சாப்பிடுங்கோ, அம்மாவையும் பாருங்கோ."

அன்பான பேச்சுத்தான், குறை சொல்ல முடியாது. கனிசியஸ் நம்பிப் படகையும் எஞ்சினையும் விற்று வீட்டுக்கு ஓடு போட்டான். அதோடு அவனுக்குக் கடல் முடிந்தது. வான் இருந்தால் சோறு, வான் கைவிட்டுப் போனால் திரும்பிப் போக ஒரு துடுப்புக்கூட இல்லை. இதை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை லீவில் வந்தபோது ஜெரிசன் ஒரு அம்பிளிபயர் கொண்டுவந்தான். பாட்டின் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி. குளிர் ஜக்கெற்றுக்குள் சுற்றி, பிள்ளையைக் காவுகிற மாதிரிக் கொண்டுவந்து, கடைசி ஆசனத்துக்குக் கீழே பூட்டுவித்தான். பாட்டைப் போட்டால் ஒழுங்கையில் வீட்டுக் கண்ணாடிகள் அதிரும். கலியாணக்காரருக்கும் சுற்றுலா போகிற பெடியங்களுக்கும் அந்தச் சத்தம்தான் வேணும். வானுக்கு ஹயர், அதுதான் வாடகை ஓட்டம், கூடியது.

ஜெரிசனுக்கு ஒரு பழக்கம். எந்தச் சாமானும் புதுசு கெடக்கூடாது. வானின் ஆசனங்களில் கம்பனி போட்டுவிட்ட பொலித்தீன் இன்னும் இருக்கிறது. வேர்வையில் தொடை ஒட்டிக்கொண்டாலும் ஒருவரும் கழற்றக் கூடாது. வீட்டில் ரிவி றிமோற்றுக்குப் பொலித்தீன், பிறிட்ஜ் கைபிடிக்குத் துணி. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கொதிதண்ணீரில் கை வெந்து வாங்கின சாமான்கள்.

பிரான்ஸுக்குத் திரும்பிப் போய் இரண்டு மூன்று மாதத்தில் வீடியோவில் வந்தான்.

"ஜெசி, உந்த அம்பிளிபயரிலை ஆக்கள் கால் வைப்பினம். சோடா ஊத்துவினம். அதுக்கொரு உறை தை."

ஜெசிதா கடையில் நின்று போனைத் திருப்பித் திருப்பித் துணி காட்டினாள். அவன்தான் தெரிவு செய்தான். மெரூன் நிற வெல்வெட்.

"உள்ளுக்குக் கொஞ்சம் ஸ்பொஞ்சும் வை. அடிபடாது."

அவளும் அப்படியே தைத்தாள். வயர் போக ஓட்டை, பூட்டப் பொத்தான் மாதிரித் தெறி. அம்பிளிபயரில் எரிகிற சின்ன வெளிச்சம் தெரியவேணும் என்று கண்ணாடிப் பொலித்தீனில் ஒரு யன்னல்கூட வைத்தாள். படம் அனுப்பியபோது தமையன் கைதட்டுகிற படங்களாக அனுப்பினான்.

அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது. பாடிக்கொண்டு போகிற வான் திடீரென்று ஊமையாகும். அந்த யன்னலுக்குள் பச்சை வெளிச்சம் சிவப்பாகும். ஓரமாக நிறுத்தி, ஆக்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் திரும்பப் பாடும். கொஞ்சத் தூரம் போய்த் திரும்ப நிற்கும். ஒரு கலியாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறி, பெடியங்கள் றோட்டில் ஆடத் தொடங்கின நேரத்தில் நின்றுவிட்டது.

"அண்ணை, வான் மௌன அஞ்சலி செய்யுதோ?" என்று ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். கனிசியஸும் சிரித்தான். வேறு என்ன செய்வது?

அவன் யாழ்ப்பாணம் டவுனில் பாட்டுப்பெட்டி பூட்டுகிற கடைக்குக் கொண்டுபோனான். அங்கே அரை நாள் பாட்டைப் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவே இல்லை.

"அம்பிளிபயரிலை பிழையில்லை அண்ணை. எங்கையோ வயர் வானின்ரை இரும்பிலை முட்டுது போலை. முட்டினால் உது தன்னைத்தானே நிப்பாட்டிப்போடும். சிவப்பு லைற் அதுக்குத்தான்."

கனிசியஸ் வயரெல்லாம் பார்த்தான். தேய்ந்த இடத்துக்கு ரேப் சுற்றினான். ஏர்த் வயர் பூட்டின இடத்தில் பெயின்ற் சுரண்டி, இரும்பு தெரிய இறுக்கினான். பியூஸ் மாற்றினான், பற்றறி மாற்றினான். ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் கடையில் பாடும், றோட்டில் நிற்கும். டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விடுகிற பிள்ளை மாதிரி.

ஏன் தெரியுமா? கடைக்குப் போகுமுன் ஜெசிதா அந்த உறையைக் கழற்றிவிடுவாள். எண்ணெய்க் கையோடு வெல்வெட்டைத் தொட்டுவிடுவார்களாம். கழற்றித் தோய்த்து, காயப்போட்டு, அயன் பண்ணி வைப்பாள். வான் வீட்டுக்கு வந்ததும் திரும்பப் போட்டுத் தெறி பூட்டுவாள். தமையன் ஊரில் இல்லாவிட்டாலும் அவன் சொல்லை அப்படிக் காத்தாள்.

இப்படி இருக்கும்போது ஜெரிசன் லீவில் வந்து இறங்கினான். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கனிசியஸ் வானோடு போனான். கூடவே சுரேஸும் வந்தான். சுரேஸ், ஜெரிசனின் சின்னம்மாவின் மகன். தேன் ஒழுகப் பேசுவான், வேலை என்று ஒன்றும் நிலையாக இல்லை. வரும் வழியில் புத்தளம் தாண்டுமுன்னமே பாட்டு நின்றது. வவுனியாவில் நின்றது, ஆனையிறவில் நின்றது.

"என்ன மச்சான் இது? நான் தந்த சாமானை என்ன செய்து வைச்சிருக்கிறீர்?"

"எல்லாம் மாத்திப் பாத்திட்டன் மச்சான். கடையிலை வடிவாய்ப் பாடுது."

பின்னாலிருந்து சுரேஸ் சொன்னான்: "கடையிலை பாடும் அண்ணை. அத்தான்ரை கையிலைதான் பாடாது. கலியாண ஹயருக்கெல்லாம் முழுச் சத்தத்திலை விட்டு அடிச்சால் அது என்ன செய்யும், பாவம்?"

ஜெரிசன் அதை மனதில் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து, வந்த சனம் எல்லாம் முற்றத்தில் இருக்கத்தக்கதாகச் சொன்னான்.

"ஞாயிற்றுக்கிழமை குடும்பமாய் மடு மாதா கோயிலுக்குப் போறம். அதுக்குள்ளை உது சரி வரவேணும். வராட்டில் வான் திறப்பைச் சுரேஸிட்டைக் குடுத்திடும். பாட்டுப்பெட்டியைப் பார்க்கத் தெரியாத ஆள் வானை எப்பிடிப் பார்ப்பீர்?"

சனம் நிலத்தைப் பார்த்தது. தாய் செபஸ்தியம்மா மட்டும், "உந்தப் பெட்டிக்குப் பதிலாய் எல்லாருமாய்ச் செபமாலை சொல்லிக்கொண்டு போவம்" என்றாள். அதை ஒருவரும் காதில் எடுக்கவில்லை.

அடுத்த நாள் ஒரு நெல்லியடி ஹயர். முதல் நாள் பயணத்தில் யாரோ உறையில் சோடா ஊற்றியிருந்தார்கள். ஜெசிதா தோய்த்துப் போட்டிருந்தாள், மழை மப்பில் ஸ்பொஞ்சு காயவில்லை. உறையில்லாமலே கனிசியஸ் ஓடினான். பிள்ளைகளே, நெல்லியடி போய்ச் சேர்ந்து, சனத்தை இறக்கி ஏற்றி, திரும்பிக் குருநகர் வரும்வரை பாட்டு நிற்கவே இல்லை! அவன் நம்பவில்லை. இன்றைக்கு ஏதோ நல்ல காலமாக்கும் என்று நினைத்தான்.

மறுநாளும் அதே றோட்டு. கரவெட்டியில் ஒரு வீட்டு ஆக்களை ஏற்றப் போகவேணும். உறை காய்ந்துவிட்டது, ஜெசிதா போட்டுவிட்டாள். நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்குப் பக்கத்தில் போகும்போது பாட்டு நின்றது. கனிசியஸ் இறங்கிப் பின்னால் போய், தெறியைக் கழற்றி உள்ளே கையை விட்டான். விட்ட வேகத்தில் எடுத்துவிட்டான். அப்பச் சட்டி மாதிரிக் கொதித்தது.

அந்த இடத்திலேயே றோட்டுக்கரையில் குந்தி இருந்தானாம். பிறகு உறையை முன் ஆசனத்தில் எறிந்துவிட்டு ஓடினான். வல்லை வெளி முழுக்கப் பாடியது. திரும்பி வரும்போது வேண்டுமென்றே உறையைப் போட்டுப் பார்த்தான். கோப்பாயில் நின்றது. சந்தேகமே இல்லை. பெட்டி சூடேறுகிறது, ஆற வழியில்லை, எரிந்துபோகாமல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அவ்வளவுதான்.

சந்தோசத்தில் ஓடிவந்து பெண்சாதிக்குச் சொன்னான். அவள் முகம் வெளிறிவிட்டது.

"இஞ்சருங்கோ, உறையாலை எண்டு சொல்லாதேங்கோ. அண்ணை ஆசையாய்த் துணி எடுத்தவர். ஏதோ ஒரு வயர் எண்டு சொல்லுங்கோவன்."

"வயர் எண்டு சொன்னால் திரும்ப உறையைப் போடச் சொல்லுவார். மடுவுக்குப் போக முதலே நிக்கும். பேந்து?"

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

"பயப்பிடாதை. ஆறுதலாய்ச் சொல்லுறன். பழுதில்லை எண்டால் அவருக்கும் சந்தோசம்தானே?"

அவன் நல்ல மனிசன். அதனால்தான் அப்படி நினைத்தான்.

ஜெரிசன் முற்றத்துக் கதிரையில் இருந்தான், பக்கத்தில் சுரேஸ். கனிசியஸ் இருவரையும் வானுக்குக் கூட்டிவந்து, ஜெசிதாவும் பின்னால் வந்து நிற்க, உறையோடு பாட்டைப் போட்டுக் காத்துநின்றான். கடைசியில் நின்றது.

"கையை வைச்சுப் பாருங்கோ மச்சான்."

ஜெரிசன் வைத்தான், வெடுக்கென்று இழுத்தான். கனிசியஸ் மெதுவாகத்தான் சொன்னான்: "சாமானிலை பிழையில்லை. நீங்கள் தந்தது நல்ல சாமான். காத்து இல்லாமல் சுடுது, அவ்வளவுதான். உறையைக் கழட்டினால் சரி."

அதோடு முடிந்திருக்கும். ஜெரிசனின் முகம் ஒரு கணம் இளகினதை ஜெசிதா கண்டிருக்கிறாள். ஆனால் சுரேஸால் அடக்க முடியவில்லை. பக்கென்று சிரித்துவிட்டான்.

"ஐயோ அண்ணை! இந்த வெக்கைக்குள்ளை ஸ்பொஞ்சு வைச்சுப் போர்த்து விட்டால் மனிசனே செத்துப்போவான்!"

ஜெரிசன் சுரேஸைப் பார்க்கவில்லை. கனிசியஸைத்தான் பார்த்தான்.

"அப்ப நான்தான் பழுதாக்கினனான் எண்டுறாய்?"

அதுவரை 'நீர்' என்று கதைத்தவன், 'நீ' என்றான்.

"ஐயோ, அப்பிடிச் சொல்லேல்லை மச்சான்..."

"எங்கை, எல்லாருக்கும் முன்னாலை என்னை விசரனாக்க இதைக் காட்டிறாய், என்ன?"

ஜெசிதாவுக்குப் பொறுக்கவில்லை. புருசனைக் காப்பாற்றத்தான் வாய் திறந்தாள். "அண்ணை, ஸ்பொஞ்சும் வைக்கச் சொன்னது நீங்கள்தானே. அவர் என்ன செய்வார்?"

"நீ வாயைப் பொத்து!" கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். "நான் அங்கை கையை வேகவைச்சு அனுப்பினதிலை ஓடு போட்டு, சோறு திண்டு, இப்ப எனக்குப் பாடம் எடுக்கிறியள்! கொண்டா திறப்பை."

ஓடு, கனிசியஸ் படகு விற்றுப் போட்டது. அதை அப்போது ஒருவரும் சொல்லவில்லை. கனிசியஸ் வானின் சாவியை எடுத்து, சட்டையில் துடைத்து, நீட்டினான். பாட்டுப்பெட்டி பழுது என்று மூன்று நாளாகத் திட்டினவனுக்கு, பழுதில்லை என்று தெரிந்த பிறகுதான் உண்மையான கோபம் வந்தது. இப்படியும் மனிதர் இருக்கிறார்கள், பிள்ளைகளே. பொல்லாதவர்கள் என்றும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வான் மடுவுக்குப் போனது. சுரேஸ் ஓட்டினான். தாயைப் பார்த்துக்கொள்ள ஜெசிதாவும் போகவேண்டி வந்தது. வெளிக்கிடுமுன் சுரேஸ் எல்லாரும் பார்க்கத்தக்கதாகவே உறையைக் கழற்றி ஆசனத்துக்குப் பின்னால் எறிந்தான். முன்னால் இருந்த ஜெரிசன் கண்ணாடியில் அதைப் பார்த்தான். பாட்டைப் போடு என்று மட்டும் சொன்னான். போகவும் வரவும் பாட்டு நிற்கவில்லை. மாதாவுக்கு முன் ஜெசிதா முழந்தாளில் இருந்தாள், ஆனால் செபம் ஒன்றும் வாயில் வரவில்லையாம்.

கனிசியஸ் இப்போது இன்னொருவன் படகில் கூலிக்குப் போகிறான். தான் விற்ற படகுக்குப் பக்கத்திலேதான் அந்தப் படகும் கட்டிக் கிடக்கிறது. தன் படகைத் திரும்பிப் பார்க்காமல் ஏறுவான் என்று கூடப் போகிறவர்கள் சொல்கிறார்கள். ஜெசிதா பழையபடி விடியப்புறம் கரைக்குப் போகிறாள்.

போன மாதம் ஜெரிசன் வீடியோவில் வந்தான். தங்கச்சியைச் சுகம் கேட்டான், தாயின் மருந்தைக் கேட்டான். பிறகு சொன்னான்:

"பார்த்தியே ஜெசி, சுரேஸ் வானை எடுத்தாப் பிறகு அந்த அம்பிளிபயர் ஒருநாளும் நிண்டதில்லையாம். உன்ரை மனிசனுக்கு உதுகள் விளங்காது. சுரேஸுக்குத்தான் வேலை தெரியும்."

ஜெசிதா போனைப் பிடித்தபடி நின்றாள். பின்னால் தாய் இருமிக்கொண்டிருந்தாள், மருந்துக் காசு அவனிடமிருந்துதான் வரவேணும்.

"ஓம் அண்ணை" என்றாள்.

அவ்வளவுதான் பிள்ளைகளே. எழும்புங்கள், உங்கள் அம்மாமார் தேடுவார்கள். உங்கள் வீடுகளில் உழைக்கிற கைக்கு உழைப்புக் குறையாதிருக்கட்டும். கொடுக்கிறவர் வாய் கொடுத்ததைச் சொல்லிக்காட்டாதிருக்கட்டும், வாங்குகிறவர் தலை குனியாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் யாராவது ஒருநாள் 'பிழை என்னிலைதான்' என்று சொன்னால், ஒருவரும் சிரிக்காமல் பக்கத்தில் இருத்தி ஒரு பிடி சோறு போடுகிற வீடாக அது என்றைக்கும் இருக்கட்டும்.