ஊசியக்கா போட்ட பதில்

முப்பத்தொரு வருஷம் வார்டில் நின்ற கால்கள் இப்போது நாற்காலியில் சும்மா கிடந்தன. ரிட்டயரான நர்ஸுக்கு மத்தியானம் எவ்வளவு நீளம் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை பேசுவான், அதுவும் கார் ஓட்டிக்கொண்டே. மற்ற ஆறு நாளும் துணை, கைபேசியில் நர்ஸ்களும் நர்ஸிங் மாணவிகளும் இருந்த குழுதான். அங்கே அவளுக்கு ஊசியக்கா என்று பேர். பதில் சுருக்கென்று தைக்குமாம். தைக்கட்டுமே!

பின்னே என்ன? கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளா இதுகள்? வீட்டுப்பாடத்தை அப்படியே படம் பிடித்துப் போட்டுவிட்டு, "சிஸ்டர், ஆன்சர் ப்ளீஸ், நாளைக்கு சப்மிஷன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஊசியக்கா எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் போடுவாள்: "முதல்ல நீ என்ன நினைக்கிறேன்னு சொல்லு." பாதிப் பேர் அதோடு ஓட்டம் பிடிப்பார்கள். ஓடினவர்களைத் திட்டிக்கொண்டே, அடுத்த கேள்வி வந்திருக்கிறதா என்று மறுபடி எட்டிப் பார்ப்பாள். அந்த வெட்கக்கேட்டை யாரிடம் போய்ச் சொல்ல?

அன்று மத்தியானம் நர்ஸிங் இரண்டாம் வருஷத்துப் பெண் ஒருத்தி போட்டாள்: "ஆண், வயது 58. மூச்சு நிமிடத்துக்கு 32. இரு கால்களிலும் வீக்கம். படுக்க முடியவில்லை. இரண்டு நாளாக நாற்காலியிலேயே தூங்குகிறார். வலது கால் செருப்புக்குள் நுழையவில்லை. நர்ஸ் முதலில் செய்ய வேண்டியது என்ன? அவசரம்."

"எல்லாருக்கும்தான் அவசரம். முதல்ல நீ என்ன நினைக்கிறேன்னு சொல்லு" என்று தட்டிவிட்டு, ஊசியக்கா சாப்பிட எழுந்தாள்.

நாலு வாய் உள்ளே போன பிறகுதான் உறைத்தது. செருப்பு! எந்த வாத்தியார் கேள்வித்தாளில் செருப்பை எழுதுவார்? கண்ணால் பார்த்தவள்தான் அதை எழுதுவாள். ஐயோ பாவிப் பெண்ணே, பரீட்சைக் கேள்வி மாதிரி கேட்கத்தான் உனக்குத் தெரியுமா? எச்சில் கையோடு கைபேசிக்கு ஓடினாள்.

"யாரும்மா அது? உங்க வீட்டு ஆளா?"

"அப்பா, சிஸ்டர்."

"உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. நேரா உட்கார வை. காலைத் தொங்கப் போடச் சொல்லு, படுக்க விடாதே."

"கூப்பிட்டுட்டேன். பயமா இருக்கு. அது வர்ற வரைக்கும் இருப்பீங்களா?"

இருந்தாள். பதினேழு நிமிஷம். உதடு என்ன நிறம் என்று கேட்டாள், வியர்க்கிறதா என்று கேட்டாள். "நான் இங்கேயேதான் இருக்கேன் கண்ணு" என்று மூன்று தடவை எழுதினாள். அப்படி ஒரு வார்த்தையை யாரிடமாவது சொல்லி வருஷக்கணக்காகியிருந்தது. "வந்துட்டாங்க" என்றதோடு அந்தப் பெண் போய்விட்டாள்.

அப்புறம் நாலு நாள் பேச்சு மூச்சே இல்லை. "அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று ஒன்பது தடவை கேட்டாயிற்று. ஞாயிறன்று மகனிடம் இதைச் சொல்ல வாயெடுத்தாள். "போலீஸ் நிக்கிறாங்கம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். தான் போட்ட முதல் பதிலை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அதற்கும் அடுத்த பதிலுக்கும் நடுவில் எட்டு நிமிஷம். அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் அதே பெண் வந்தாள். ஒரு படம், பத்துக் கேள்வி. "சிஸ்டர், ஆன்சர் ப்ளீஸ், ஆறு மணிக்குள்ள சப்மிஷன்."

ஊசியக்காவுக்குக் கோபம் வரவில்லை, கண்தான் நிறைந்தது. "அப்பா?"

"வீட்டுக்கு வந்துட்டார் சிஸ்டர், நல்லா இருக்கார். ஏழாவது கேள்விக்கு மட்டும் பெரிசா எழுதுங்க."

நீ என்ன நினைக்கிறே என்று அவள் கேட்கவேயில்லை. பத்துக்கும் பதில் எழுதினாள், ஏழாவதுக்குப் பெரிதாகவே. கடைசியில் "நீ சாப்பிட்டியா கண்ணு?" என்று ஒரு வரி சேர்த்தாள்.

"தேங்க்ஸ்" வந்தது. பெயருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி அணைந்தது. கடைசி வரிக்கு மட்டும் பதில் இல்லை.

மணி ஐந்தே முக்கால். ஊசியக்கா கொஞ்ச நேரம் கைபேசியையே பார்த்தாள். பிறகு குழுவில் தானாகவே எழுதினாள்: "வேற யாருக்காவது கேள்வி இருக்கா? முழுசா சொல்லித் தர்றேன்."

எழுதிவிட்டுக் காத்திருந்தாள்.